கரி எங்கிருந்து வந்தது?

(கம்மாபுரத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்த அறக்கட்டளை ஒரு வேதியியல் ஆசிரியரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்தியது. ஆகையால் பாடப்புத்தகத்தை விட்டு வெகுதூரம் போகக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருக்கிறேன். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் வருகிற உலோகப் பாடம்தான் என் பேச்சுக்குப் பொருள். தாதுவிலிருந்து உலோகத்தை எப்படிப் பிரித்தெடுக்கிறோம் என்ற பாடம்.

முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். சல்ஃபைடு தாது என்றால் நுரைமிதப்பு முறை, காந்தத் தன்மை இருந்தால் காந்தப் பிரிப்பு முறை, கார்பனேட் என்றால் காற்றில்லாச் சூழலில் வறுத்தல் என்று எழுதிப் போடுவேன். பிள்ளைகள் உருப்போடுவார்கள். தேர்வில் மதிப்பெண் வரும். பாடம் முடிந்தது என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் கரும்பலகையில் ஊதுலைப் படம் வரைந்துகொண்டிருந்தேன். மேலே தாது, கற்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் 8:4:1 விகிதத்தில் போகின்றன. கீழே இரும்பும் கசடும் வருகின்றன. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், தாதுல இருந்த ஆக்சிஜன் எங்க சார் போச்சு?" என்றான். கரி பிடுங்கிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக மேலே போய்விட்டது என்றேன். அவன் உட்காரவில்லை. "அப்ப அந்தக் கரி எங்கேருந்து சார் வந்துச்சு? நம்ம நெய்வேலிக் கரியா?" அவனுடைய அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. நெய்வேலிக் கரி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் இல்லை என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்று பேசப்போவது அந்தப் பையனுக்கு நான் கொடுக்க வேண்டிய பதில்.

முதலில் தாது என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கனிமம் வேறு, தாது வேறு என்று புத்தகம் சொல்கிறது. எல்லாத் தாதுக்களும் கனிமங்கள், ஆனால் எல்லாக் கனிமங்களும் தாதுக்கள் அல்ல என்ற வரியைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் விழிப்பார்கள். எடுத்துக்காட்டு நம் காலடியிலேயே இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேல்மண்ணை வாரும்போது வெள்ளைக் களிமண் வருகிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியது இந்தக் களிமண்ணை நம்பித்தான். அந்த வெண்களிமண்ணில் அலுமினியம் இருக்கிறது. சுத்தமான கயோலின் என்றால் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அலுமினியம். 100 கிலோ களிமண்ணில் 20 கிலோ உலோகம்! ஆனாலும் அதிலிருந்து யாரும் அலுமினியம் எடுப்பதில்லை. அங்கே அலுமினியம் சிலிக்காவோடும் ஆக்சிஜனோடும் அப்படிப் பின்னிக்கிடக்கிறது. பிரிக்கிற செலவு உலோகத்தின் விலையைத் தாண்டிவிடும். ஆக, களிமண் கனிமம், அலுமினியம் எடுக்க உதவுகிற பாக்சைட் தாது. தாது என்பது பாதி வேதியியல் சொல், பாதி கணக்குச் சொல். இந்த ஓர் இடத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் மிச்சப் பாடம் தானாக அவிழும்.

இரும்புக்கு வருவோம். தெருமணலில் காந்தத்தை இழுத்து விளையாடாத பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுத்தால், கறுப்புத் துகள்கள் மயிர் மாதிரி குத்திட்டு நிற்கும். பிள்ளைகள் அதை இரும்புத்தூள் என்பார்கள். அது இரும்பு அல்ல, பெரும்பாலும் மேக்னடைட், இரும்பின் ஆக்சைடு. பாடத்தில் காந்தப் பிரிப்பு முறை என்று வருவதை ஐந்து வயதிலேயே அவர்கள் செய்து முடித்துவிட்டார்கள். சேலத்துக் கஞ்சமலையில் இருப்பதும் இந்த மேக்னடைட்தான். அங்கே அது தனியாக இல்லை. குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல்லோடு வரிவரியாகச் சேர்ந்து கிடக்கிறது. சுத்தமான மேக்னடைட்டில் 72 சதவீதம் இரும்பு. கஞ்சமலைப் பாறையை அப்படியே எடுத்தால் 35, 40 சதவீதம்தான் தேறும். மீதிக் கல்தான் நம் பாடத்தில் வருகிற தாதுக்கூளம். அதைப் பொடித்து, காந்தத்தால் பிரித்தால் அடர்ப்பித்தல் முடிந்தது. இதுவரைக்கும் வேலை கைக்கும் கண்ணுக்கும் உரியது. தாதுவின் உள்ளே ஒன்றும் மாறவில்லை.

மாற்றம் உலைக்குள்தான். மேக்னடைட்டில் 232 பங்கு எடையில் 168 பங்கு இரும்பு, 64 பங்கு ஆக்சிஜன். அப்படியானால் 1000 கிலோ இரும்பு வேண்டும் என்றால் 381 கிலோ ஆக்சிஜனைப் பெயர்த்தெடுக்க வேண்டும். உலோகத்தைப் பிரித்தெடுப்பது என்று சொல்கிறோம். உண்மையில் பிரித்து எடுக்கப்படுவது ஆக்சிஜன். இரும்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆக்சிஜன் சும்மா போகாது. அதை இழுத்துக்கொள்ள இன்னொருவர் வர வேண்டும். அந்த இன்னொருவர்தான் கரி.

கரி ஏன் இதற்கு இவ்வளவு பொருத்தம் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பில் எலிங்கம் வரைபடம் காட்டுகிறது. கோடுகளைப் பார்த்துப் பிள்ளைகள் மிரளுகிறார்கள். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. சூடு ஏற ஏற, உலோகங்கள் ஆக்சிஜனைப் பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. கரிக்கு மட்டும் பிடி இறுகுகிறது. ஏனென்றால் கரி ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவாகும்போது வாயுவின் அளவு இரட்டிக்கிறது. ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் கரியின் பிடி இரும்பின் பிடியை வென்றுவிடுகிறது. அந்த இடத்தில்தான் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்கின்றன. நம் முன்னோர்கள் கோடு போடவில்லை, துருத்தி ஊதினார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்புப் பயன்பாட்டுச் சான்றுகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பும் எஃகும் செய்த உலைகளின் தடயங்கள் தோண்டியெடுக்கப்பட்டிருக்கின்றன.

அந்த உலைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆளுயரமும் இல்லாத மண் உலை. ஆட்டுத்தோல் துருத்தி. மரக்கரி. இரும்பு உருகுவதற்கு 1538 பாகை வேண்டும். அந்தச் சூடு அந்த உலையில் வராது. ஆனால் கல்லும் இரும்பு ஆக்சைடில் ஒரு பகுதியும் சேர்ந்து கசடாக உருகி ஓடிவிடும். அடியில் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இரும்புக் கட்டி நிற்கும். அதைச் சூட்டோடு எடுத்துச் சம்மட்டியால் அடித்து, உள்ளே மிச்சமிருக்கும் கசடைப் பிதுக்கினால் தேனிரும்பு. அந்தக் கசடுக்குத்தான் நம் ஊரில் கிட்டம் என்று பெயர். பழைய இரும்புக் கிட்டத்தைச் சித்த வைத்தியத்தில் மண்டூரம் என்று மருந்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பாடத்தில் வெறும் 'கசடு' என்று ஒரு வரியில் போகிற பொருளுக்கு நம் மொழியில் இத்தனை வாழ்க்கை இருக்கிறது.

தேனிரும்பை எஃகு ஆக்கியது இன்னும் நுட்பமான வேலை. 1839-இல் லண்டனில் ராயல் ஆசியக் கழகத்தின் இதழில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி மண் மூசையில் வைக்கிறார்கள். கூடவே, இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் காய்ந்த ஆவாரங்குச்சியைச் செதுக்கிப் போடுகிறார்கள். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. களிமண்ணால் வாயை அடைக்கிறார்கள். இருபது, இருபத்துநான்கு மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் விடாமல் துருத்தி ஊதுகிறார்கள். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் உள்ளங்கையில் அடங்கும் எஃகுக் கட்டி. ஆவாரங்குச்சி கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் ஊறுகிறது. கரி ஊற ஊற இரும்பின் உருகுநிலை இறங்குகிறது. வெறும் இரும்பு உருகாத சூட்டில் கரி ஊறிய இரும்பு உருகிவிடுகிறது. உலகம் 'ஊட்ஸ்' என்று பேர் சொல்லி வாங்கிய எஃகு இதுதான். உருக்கு என்ற நம் சொல்லுக்கும் கன்னடத்து உக்கு என்ற சொல்லுக்கும் அந்தப் பெயரோடு உறவு இருப்பதாக அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆவாரம் இந்த வட்டாரத்தில் சாலையோரமெல்லாம் பூத்துக் கிடக்கிறது. எருக்கு இல்லாத வெற்றுமனை இல்லை. எஃகுப் பாடத்தை அந்த இரண்டு செடியைக் காட்டி நடத்தலாம்.

ஹீத் என்று சொன்னேன் அல்லவா, அவர் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆட்சிப்பணியில் இருந்தவர். சேலத்தில் இருந்தபோது இந்த இரும்பைக் கண்டு மயங்கி, வேலையை விட்டு, இங்கிலாந்துக்குப் போய் இரும்பு உருக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்ய சென்னை மாகாணத்தில் தனியுரிமை வாங்கினார். 1830-இல் அவர் ஆலை தொடங்கிய இடம் எது தெரியுமா? நம் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் சேரும் ஊர். ஜாம்ஷெட்பூரில் டாட்டாவின் ஊதுலை முதல் இரும்பை வார்த்தது 1911-இல். அதற்கு எண்பது வருஷம் முன்னால், சிதம்பரத்துக்குப் பக்கத்தில், ஐரோப்பிய பாணி ஊதுலை எரிந்தது. இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஊதுலைப் படத்துக்குக் கீழே இந்த ஊர்ப்பெயரை ஒரு வரி எழுத எந்த ஆசிரியருக்கும் தடையில்லை.

தாது சேலத்திலிருந்து வந்தது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் படகில் இறங்கி, அங்கிருந்து வாய்க்கால் வழியாகப் பரங்கிப்பேட்டைக்கு வந்தது. சுண்ணாம்புக்கு அந்தக் கரையில் பஞ்சமில்லை. கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் வேதியியலில் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். காளவாயில் கிளிஞ்சலைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி நீறுகிற சுண்ணாம்பு மிஞ்சுவதை அந்தப் பக்கத்துக் கடலோர ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். ஊதுலைக்குள்ளும் அதுவே நடக்கிறது. வெளிவந்த கால்சியம் ஆக்சைடு குவார்ட்ஸோடு சேர்ந்து கசடாக உருகி இரும்பின் மேல் மிதக்கிறது. கல்லை உருக்க இன்னொரு கல். அதனால்தான் அதற்கு இளக்கி என்று பெயர். தமிழில் பாடநூல் எழுதியவர்கள் செய்த நல்ல சொற்களில் இது ஒன்று.

தாது வந்தது, சுண்ணாம்பு இருந்தது. கரி?

இங்கிலாந்தில் 1709-லேயே ஏப்ரகாம் டார்பி என்பவர் நிலக்கரியைச் சுட்டுக் கற்கரியாக்கி அதில் இரும்பு உருக்கிக் காட்டிவிட்டார். அங்கே காடு தப்பியது. ஹீத் அங்கிருந்து ஊதுலையைக் கொண்டுவந்தார். கற்கரியைக் கொண்டுவர முடியவில்லை. பரங்கிப்பேட்டை உலைகள் மரக்கரியைத் தின்றன. கரிமூட்டம் உங்களுக்குத் தெரியும். விறகை அடுக்கி, வைக்கோல் போட்டு, மண்ணால் மூடி, நாள்கணக்கில் புகைய விடுகிறோம். முதலில் வெள்ளைப் புகை, அது தண்ணீர் போவது. பிறகு நீலம் கலந்த புகை. பழைய முறை மூட்டத்தில் நாலைந்து டன் விறகு போட்டால் ஒரு டன் கரி மிஞ்சும். இனி உலைக் கணக்கைப் பாருங்கள். 1 டன் இரும்பிலிருந்து ஆக்சிஜனைப் பெயர்க்க ஏட்டுக் கணக்கில் 143 கிலோ கார்பன் போதும். நடப்பில் அதைப்போலப் பல மடங்கு வேண்டும்; ஏனென்றால் சூடு உண்டாக்குவதும் அதே கரிதான், உலை உச்சியில் பாதி எரிந்த வாயுவாக வீணாய்ப் போவதும் அதே கரிதான். ஒவ்வொரு டன் இரும்புக்குப் பின்னாலும் வண்டி வண்டியாக மரம். பக்கத்துக் காடு தீர்ந்தது, தூரத்துக் காட்டைத் தேடிப் போனார்கள், கூலி ஏறியது. கம்பெனி கடன் கொடுத்தும் ஆலை நிமிரவில்லை. 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புது நிறுவனம் எடுத்து நடத்தியது. அதுவும் 1874-இல் கலைக்கப்பட்டது. இரும்பு மட்டமாக இருந்ததால் ஆலை சாகவில்லை. அந்த இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. வேல்ஸ் நாட்டு பிரிட்டானியா குழாய்ப் பாலத்தில் அது பயன்பட்டதாகப் பழைய அரசிதழ்த் தொகுப்புகள் குறிப்பிடுகின்றன. ஆலை செத்தது கரியால்.

ஹீத்தின் கதையில் இன்னொரு துயரம் உண்டு. எஃகில் மாங்கனீசைச் சேர்த்தால் அது அடிக்கவும் ஒட்டவும் இணங்கும் என்று கண்டுபிடித்து 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு எஃகுத் தொழிலே அதனால் வாழ்ந்தது. அவர் மாங்கனீசு கார்பைடு என்று எழுதியிருந்தார். மற்றவர்கள் மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியாக மூசையில் போட்டு, இது வேறு முறை என்று வாதாடினார்கள். ஆக்சைடும் கரியும் சூட்டில் சேர்ந்து உள்ளேயே அதே பொருளாக மாறும் என்பது பத்தாம் வகுப்பு ஒடுக்க வினை. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 1855-இல் அவர் பக்கம் தோற்றது. அதற்குள் அவர் இறந்துபோயிருந்தார்.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். பரங்கிப்பேட்டையில் மரம் இல்லாமல் உலை அவிந்தபோது, நேர்கோட்டில் 35 கிலோமீட்டருக்குள், மண்ணுக்குக் கீழே கோடிக்கணக்கான டன் கரி கிடந்தது. யாருக்கும் தெரியாது. 1930களின் நடுவில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போட்டபோது ஊற்றோடு கறுப்புப் பொருள் மேலே வந்தது. கரியைத் தேடும் வேலை அங்கே தொடங்கியது. 1956 நவம்பரில் நெய்வேலி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் முதல் கரி வெளியே வந்தது.

ஹீத்துக்கு அந்தக் கரி கிடைத்திருந்தால் பரங்கிப்பேட்டை பிழைத்திருக்குமா? பிழைத்திருக்காது. இதைத்தான் அன்று என்னால் சொல்ல முடியவில்லை. ஊதுலையில் கற்கரிக்கு மூன்று வேலை. எரிந்து சூடு தர வேண்டும். ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். மூன்றாவது வேலையைப் புத்தகம் சொல்வதே இல்லை: தூணாக நிற்க வேண்டும். மேலே தாதுவும் கல்லும் அத்தனை உயரத்துக்கு அழுத்தும்போது நொறுங்காமல், இடுக்கு வழியாகக் காற்று மேலே ஏறவும் உருகிய இரும்பு கீழே சொட்டவும் வழிவிட வேண்டும். நல்ல நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டால் இளகிக் குழைந்து பிறகு இறுகி, ஓட்டை ஓட்டையான, கெட்டியான கற்கரியாகிறது. நம் பழுப்பு நிலக்கரி அப்படிக் குழையாது. வெட்டியெடுக்கும்போதே எடையில் பாதி தண்ணீர். காய்ந்தால் வெடித்து உதிரும். அப்படியே உலையில் போட்டால் தூளாகிக் காற்று வழியை அடைத்துவிடும். அதைப் பொடித்து, அச்சில் அழுத்திக் கட்டியாக்கி, சுட்டுக் கரித்து 'லெக்கோ' என்று விற்றார்கள். என் வயதுக்காரர்களுக்கு அது நினைவிருக்கும். எங்கள் வீட்டுக் கும்மட்டி அடுப்பில் அதுதான் எரிந்தது. சோறு ஆக்க அது போதும், ஊதுலைத் தூணாக நிற்கப் போதாது.

சேலத்துத் தாதுவையும் நெய்வேலிக் கரியையும் சேர்த்து வேறு வகை உலையில் இரும்பு ஆக்கலாம் என்ற பேச்சு 1960களில் ஓடியது. சேலம் உருக்காலைக்காகவும் சேது திட்டத்துக்காகவும் 1967 ஜூலை 23-ஆம் நாளை அண்ணா எழுச்சி நாளாக நடத்தினார். 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆலை 1981-இல் ஓடத் தொடங்கியபோது அங்கே கஞ்சமலைத் தாது உருகவில்லை. வெளியிலிருந்து வந்த துருவுறா எஃகைத் தகடாக உருட்டினார்கள். இன்றைக்கும் அந்த மலையில் மேக்னடைட் கிடக்கிறது. எனக்கு அதில் வருத்தமும் உண்டு, ஆறுதலும் உண்டு. மலை மலையாகவே நிற்கிறது என்பது சின்ன விஷயமல்ல.

தாமிரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே தாது சல்ஃபைடு. பெயர்த்தெடுக்க வேண்டியது கந்தகம். வறுத்தால் அது சல்ஃபர் டை ஆக்சைடாகிறது. பிடித்து கந்தக அமிலமாக்கினால் சரக்கு, பிடிக்காமல் விட்டால் நஞ்சு. பாடத்தில் அந்த வாயுவுக்குப் பக்கத்தில் ஒரு மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும். தூத்துக்குடியில் தாமிர ஆலையை எதிர்த்துப் போராடிய மக்கள் மீது 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த பிறகு, அந்த அம்புக்குறியை நான் வேகமாகக் கடந்து போனதே இல்லை.

அலுமினியத்துக்குக் கரி உதவாது. அலுமினியம் ஆக்சிஜனைப் பிடித்திருக்கும் பிடியை வெல்ல உலைச் சூடு போதாது. எலிங்கம் வரைபடத்தில் அந்தக் கோடு அடியாழத்தில் கிடக்கும். அங்கே மின்சாரம் வர வேண்டும். 1886-இல் அமெரிக்காவில் ஹால், பிரான்சில் ஹெரூல்ட், ஒருவரை ஒருவர் அறியாமல் இருவரும் ஒரே முறையைக் கண்டார்கள்: அலுமினாவை உருகிய கிரையோலைட்டில் கரைத்து மின்னாற்பகுப்பு செய்வது. நம் மாநிலத்தில் இந்த முறை நடந்த இடம் மேட்டூர். ஏற்காடு மலையிலும் கொல்லிமலையிலும் எடுத்த பாக்சைட்டைக் கொண்டு 1960களின் நடுவிலிருந்து அங்கே மால்கோ ஆலை அலுமினியம் எடுத்தது. ஒரு கிலோ அலுமினியத்துக்கு 13 முதல் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு சிறு வீடு பல நாள் எரிக்கிற கரண்டு ஒரு வாணலிக்குள் இருக்கிறது. அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? அனல் மின்நிலையம் என்றால் மறுபடியும் கரி. அதோடு நேர்மின்முனையே கரிதான். ஆக்சிஜன் அங்கே வந்து சேர்ந்து அதை எரித்துத் தேய்க்கிறது. ஒரு டன் உலோகத்துக்கு 400 கிலோவுக்கு மேல் கரிமுனை கரைகிறது. கதவை அடைத்தாலும் கரி பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. ஆனால் பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி வார்க்க, புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்குதான் ஆகும். ஆக்சிஜனை ஒருமுறை பெயர்த்தாயிற்று; இரண்டாம் முறை பெயர்க்க வேண்டியதில்லை. பழைய பாத்திரக்காரர் உடைந்த அலுமினியக் குண்டானுக்குக் காசு கொடுப்பது இதனால்தான்.

இன்றைக்கு ஊதுலை வழியாக ஒரு டன் எஃகு செய்தால் ஏறத்தாழ இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. உலகில் மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் நூற்றுக்கு 7 பங்காவது இரும்பு, எஃகுத் தொழிலிலிருந்து வருவது. அந்தப் பையன் கேட்ட முதல் கேள்விக்கு, ஆக்சிஜன் எங்கே போச்சு என்ற கேள்விக்கு, இதுதான் விடை: நம் தலைக்கு மேலே. சுவீடன் நாட்டில் கரிக்குப் பதில் ஹைட்ரஜனை வைத்துத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, 2021-இல் அந்த இரும்பிலிருந்து எஃகும் செய்து காட்டினார்கள். உலையிலிருந்து போவது நீராவி. ஆனால் அந்த ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று பையன் மறுபடி எழுந்து நிற்பான். நிற்கட்டும். காற்றிலும் வெயிலிலும் வந்தால்தான் கணக்கு நேராகும் என்று அவனே கண்டுபிடிப்பான்.

பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தைக் கொடுத்த குடும்பங்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். சுரங்கச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களும் இருக்கிறீர்கள். பல வீட்டில் இரண்டும் ஒன்றே. கரி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை எழுத உங்கள் பிள்ளைகளைவிடத் தகுந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? உலோகப் பாடத்தைப் புரிந்துகொள்ள அவர்கள் வேறெங்கும் போக வேண்டாம்.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உலோகப் பாடம் தொடங்கும் முதல் நாள் கரும்பலகையைத் தொடாதீர்கள். ஒரு காந்தம், ஒரு பிடி மணல், ஒரு கட்டி வெண்களிமண், கொஞ்சம் கிளிஞ்சல், ஒரு துண்டு அடுப்புக்கரி, ஒரு துண்டு நெய்வேலிக் கரி, இவற்றை மேசையில் வையுங்கள். எது தாது, எது கனிமம், எது இளக்கி, எது ஒடுக்கி என்று பிள்ளைகளே பிரிக்கட்டும். முடிந்தால் ஒரு சனிக்கிழமை பரங்கிப்பேட்டைக்குக் கூட்டிப்போய் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் நிற்கவைத்து ஹீத்தின் கதையைச் சொல்லுங்கள். வினாத்தாள் அமைக்கிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த தேர்வில் ஊதுலைப் படத்தை வரையச் சொல்லும் கேள்விக்குக் கீழே, உள்ளே போன கரி எங்கிருந்து வந்தது, வெளியே போன ஆக்சிஜன் எங்கே சேர்ந்தது என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி சேருங்கள்.